வேகமுடையார்க்குக் காலம் போதாமை ஏன்?

அரசனுக்கும் ஆண்டிக்கும் நாளொன்றுக்கு நாழிகை அறுபதே. சோம்பேறிக்கு அது போதாமற் போவதில் வியப்பில்லை. விடியுமுன் எழுந்து, நடக்க வேண்டிய இடத்தில் ஓடி, பத்துப் பேர் வேலையைத் தாமே தலைமேல் ஏற்றுக்கொள்ளும் சுறுசுறுப்புடையார்க்கும் அது போதவில்லையே, அதுதான் ஆராயத்தக்கது. நம் அடுகோடியில் இத்தகையோர் பலர். பணிமனையில் மேற்பார்வையாளராகவும், சங்கத்தில் செயலாளராகவும், வீட்டில் ஒரே தீர்ப்பாளராகவும் இருப்பர். "நேரமில்லை" என்பது அவர்தம் வாயில் எந்நேரமும் இருக்கும் சொல்.

இவ்வியல்பினரைப் பௌத்த ஆசிரியர்கள் நன்கறிந்திருந்தனர். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி ஆசாரிய புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கம், தன் மூன்றாம் அதிகாரத்தில் மாந்தர் இயல்பை அறுவகையாகப் பகுக்கின்றது. அவற்றுள் ஒன்று துவேஷ சரிதம். அவ்வியல்புடையோன் கால்நுனியால் நிலத்தைத் தோண்டுவான்போல் நடப்பானாம். அடியை வெடுக்கென வைத்து வெடுக்கென எடுப்பானாம். துடைப்பத்தை இறுகப் பற்றி, இருபுறமும் மணல் பறக்க, பேரோசையோடு அவசரமாகப் பெருக்குவானாம். பெருக்கிய இடமோ தூய்மையாகவும் இராது, சமமாகவும் இராது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் எழுதிய இவ்வரிகளைப் படிக்குந்தோறும் எனக்குத் தெரிந்த இரண்டொரு முகங்கள் கண்முன் வருகின்றன.

துவேஷம் என்னுஞ் சொல்லைக் கண்டு அன்பர்கள் வருந்த வேண்டா. இவ்வியல்பு அறிவுச் சரிதத்திற்கு நெருங்கிய உறவு என்றும் அவ்வதிகாரமே கூறுகின்றது. இரண்டும் எதிலும் ஒட்டிக்கொள்ளாமல் குற்றத்தைத் தேடிக் கண்டு விலக்குவன. ஆதலின் வேகத்தை வேரறுக்குமாறு ஆசாரியர் சொல்லவில்லை. அதற்கேற்ற பயிற்சியைச் சொல்லுகின்றார். நான்கு நிறக் கசிணங்களோடு மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு பிரம விகாரங்களும் இவ்வியல்பினர்க்கு உரியன என்கின்றார்.

காலம் போதாதவனுக்கு மைத்திரி எவ்வாறு மருந்தாகும்? இதனை யான் கற்ற இடம் ஆலையின் தறிக்கூடம். பாவில் ஓரிழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடி முடிச்சிட வேண்டும். பழகிய கைக்கு அரை நிமிட வேலை. வேகக்காரனோ, "நிறுத்துவது நேர நட்டம், இன்னும் நான்கு விரற்கடை ஓடட்டும்" என்று விடுவான். அறுந்த இழை அயலிழைகளைச் சுற்றிச் சிக்கும், அவையும் அறும். பிறகு ஊடையை வெட்டிப் பிரித்துத் துணியைப் பின்னுக்குக் கொணர்ந்து மீண்டும் நெய்ய வேண்டும். அவன் தறி ஓடும் ஓசையே கூடத்தில் மிகுதி. மடிப்புப் பிரிவில் கழிக்கப்படும் துணியும் அவனுடையதே மிகுதி.

மனிதரிடத்தும் இஃதே நிகழ்கின்றது. ஒருவர் சொல்ல வாயெடுக்கும்போதே, "தெரியும், தெரியும்" என இடைமறிக்கின்றோம். பாதி கேட்டுச் செய்த வேலையை மறுநாள் திரும்பச் செய்கின்றோம். இதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. இடைமறிக்கப்பட்டவர் அடுத்த முறை வாய் திறவார். அதற்கடுத்த முறை கூட்டத்திற்கே வாரார். அவர் செய்துவந்த வேலையும் வேகமுடையார் தலைமேலேயே விழும். ஒருவர் வேகத்தால் மட்டும் நடந்த சங்கம் அவர் நோயுற்ற மாதமே பூட்டிக் கிடக்கும். பண்டிதர் அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின்னும் தங்கவயல் அன்பர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1926இல் அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார். பண்டிதர் காலத்திலேயே கிளைகளில் பொறுப்பேற்கத்தக்கோர் உருவாகியிருந்தமையே அதற்குக் காரணம் என்பது என் துணிபு.

வேகமும் கூர்மையும் ஒருங்கே வாய்ந்தோருக்கு அண்ணல் அம்பேத்கரினும் சிறந்த சான்று வேறில்லை. 1947 ஆகஸ்டு 29இல் எழுவர் கொண்ட வரைவுக் குழு அமைந்தது. ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், சிலர் தில்லிக்கு வர இயலவில்லை. சுமை அண்ணல்மீதே விழுந்ததென 1948 நவம்பர் 5இல் டி. டி. கிருஷ்ணமாச்சாரியார் சபையிலேயே கூறினார். உடல்நலமும் குன்றியிருந்த அவர், "விவாதம் போதும்" என்று முடித்துவிட விரும்பியிருந்தால் யாரே குறை கூறுவர்? சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் முன்மொழியப்பட்டவை 2,473. காலம் வீணாகின்றதென வெளியே முணுமுணுப்பு எழுந்தது. உறுப்பினர் ஒருவர் வரைவுக் குழுவை, "மிதந்து திரியும் குழு" என்று பொருள்படக் கேலி செய்தார்.

1949 நவம்பர் 25இல் அண்ணல் இவற்றிற்கெல்லாம் விடையிறுத்தார். கனடா தன் அரசியலமைப்பிற்கு இரண்டாண்டுக்கு மேலும், ஆஸ்திரேலியா ஒன்பதாண்டும் எடுத்தமையை எடுத்துக்காட்டினார். மேலும், தம்மை ஓயாது எதிர்த்து வாதிட்ட உறுப்பினர்களின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். அவர்கள் எழுப்பிய வாதங்களாலேயே அரசியலமைப்பின் கொள்கைகளை விளக்கத் தமக்கு வாய்ப்புக் கிடைத்தது என்றார். எதிர்ப்பைக் கேட்ட நேரத்தை அவர் இழந்த நேரமாக எண்ணவில்லை.

பௌத்த பிக்கு சங்கங்கள் தீர்மானம், வாக்கெடுப்பு முதலிய விதிகளைப் பண்டே கையாண்டன என்பதையும் அவ்வுரையிலேயே அண்ணல் நினைவூட்டினார். உபசம்பதை போன்ற பெருஞ்செயல்களுக்கு வினயம் வகுத்த முறை நோக்கத்தக்கது. முதலில் செய்தியை அறிவிக்க வேண்டும். பின்னர் மும்முறை, "உடன்படுவோர் வாளா இருக்க, உடன்படாதோர் பேசுக" என்று கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டாற் போதாதோ? முதற்கேள்விக்கு வேகமுடையோரே விடை கூறுவர். கூச்சமுடையோர்க்கு மூன்றாங் கேள்வி வரையில் அவகாசம் வேண்டும்.

நம் செயலாளர்கள் இதனைப் பயின்று பார்க்கலாம். வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் இளையோரும் உபாசிகைகளும் முதலிற் பேசட்டும். செயலாளர் இறுதியிற் பேசட்டும். ஒவ்வொரு முடிவையும் மும்முறை கேட்கட்டும். இடையில் மூச்சு மூன்றேனும் விடட்டும். பணிமனையில் உள்ளோர் ஒரு வேலையை ஒப்படைக்கும்போது, கேட்டவரையே அதனைத் திருப்பிச் சொல்லச் செய்யட்டும். இல்லறத்தார் உணவருந்தும் வேளையில் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மனையாள் தொடங்கிய பேச்சை அவரே முடிக்கும் வரை காத்திருக்கட்டும். திரும்பச் செய்ய நேர்ந்த வேலைகளை மாத்திரம் ஒரு குறிப்பேட்டில் நாடோறும் எழுதி வரட்டும். மூன்று பௌர்ணமி சென்றபின் அக்குறிப்பேட்டை மாலை வகுப்பிற்குக் கொண்டுவந்தால், அனைவரும் சேர்ந்து பார்ப்போம்.