எக்ஸ்எம்எல் படிக்கணுமா? புயல் எச்சரிக்கையில் தொடங்கு

எக்ஸ்எம்எல் பாடம் என்றாலே புத்தகக்கடைப் பட்டியலைத்தான் உதாரணமாகக் கொடுக்கிறார்கள். நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளை புயல் எச்சரிக்கையை வைத்துப் படிக்கணும் மக்கா. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். தகவல் நேரத்துக்குப் போய்ச் சேருவது உயிர்ப் பிரச்சினை என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம்.

அதற்கென்றே 'கேப்' என்றொரு எக்ஸ்எம்எல் வடிவம் இருக்கிறது. ஓயாசிஸ் அமைப்பு 2004-ல் ஏற்றது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் இந்த வடிவத்தில்தான் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது.

டேக் போடுமுன் தாளும் பேனாவும் எடு. "கடல் மோசம், ராத்திரி வரை போகாதீங்க" என்றால் மனுஷனுக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு அதைப் பிரித்துக் கொடுக்கணும். எவ்வளவு அவசரம், எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி: மூன்றுக்கும் கேப்பில் தனித்தனி இடம். பெரும்புயல்தான், ஆனால் வருமா என்பது இன்னும் உறுதியில்லை என்ற நிலையைக்கூட அப்போது சரியாகச் சொல்லலாம். எனக்கு இந்த வடிவத்தில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

தகவல் பகுதியை மொழிக்கு ஒன்றாகத் திரும்ப எழுதலாம். நம்ம மேற்குக் கரைக்குத் தமிழும் மலையாளமும் ஒரே கோப்பில் போகட்டும். நேரம் எழுதினால் +05:30 சேர்த்துக்கொள்.

இடத்தில் கவனம் வை. அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. குளச்சல் ஏறக்குறைய 8.17, 77.25. மாற்றிப் போட்டால் எச்சரிக்கை வடதுருவப் பக்கத்துக் கடலுக்குப் போய்விடும். எச்சரிக்கைப் பகுதியைச் சுற்றிப் போடுகிற எல்லைக் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியணும்.

சொந்தக் கோப்பு என்றால் <இடம்>குளச்சல்</இடம்> என்று தமிழிலேயே டேக் வைக்கலாம், யூடிஎஃப்-8-ல் சேமி. கேப் கோப்பில் மட்டும் உலகம் ஒப்புக்கொண்ட ஆங்கிலப் பெயர்களை எழுத்து மாறாமல் போடு. திறந்த டேக் ஒன்றை மூடாமல் விட்டாலும் கோப்பு முழுசும் செல்லாது. பிரவுசரில் திறந்து பார், எந்த வரியில் பிழை என்று காட்டும்.

பழகுவதற்காக எழுதுகிற கோப்பில் நிலை என்ற இடத்தில் மறக்காமல் 'டெஸ்ட்' என்று போட்டுவிடு. 'ஆக்சுவல்' என்பது நிஜமான எச்சரிக்கைக்கு மட்டும்.