சுண்ணாம்புச் சாந்து

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையின் அருகே, இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751-ஆம் ஆண்டில் நிகழ்ந்த வாலிகொண்டாப் போரைக் கண்ட கோட்டை அது. இத்தகைய பழங்கட்டடங்களின் உறுதி கல்லிலும் செங்கல்லிலும் மட்டும் இல்லை. அவற்றை இணைக்கும் சாந்திலும் அடங்கியுள்ளது.

அச்சாந்து பிறக்கும் முறை வியப்புக்குரியது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், நூறு பங்கு எடையில் நாற்பத்து நான்கு பங்கு கரியமில வாயுவாய்ப் பிரிந்து போகும். எஞ்சிய சுண்ணாம்பை நீரிலிட்டு நீற்றி, மணலுடன் அரைத்துப் பூசுவர். பூசப்பட்ட சாந்தோ, தான் இழந்த வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகும். இதற்கு மாதங்கள், ஏன், ஆண்டுகளே ஆகலாம்.

அரியலூர் வட்டாரம் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலாய்க் கிடந்தது. அங்கே படிந்த சுண்ணாம்புக் கல்லே இன்று சிமெண்டு ஆலைகளுக்கு உணவாகிறது. புதிய கட்டடங்களுக்குச் சிமெண்டு பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழஞ்சுவரின் வெடிப்பை அதனால் அடைப்பது சுவருக்குச் செய்யும் தீங்கே ஆகும். சுவருட் புகுந்த மழைநீர் சுண்ணாம்புச் சாந்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். இறுகிய சிமெண்டு அவ்வழியை அடைத்துவிடும். ஈரம் செங்கல்லின் வழியே வெளிவர, அதனொடு வந்த உப்பு செங்கல்லினுள்ளேயே படிகமாகி அதனைப் பொடித்துவிடும். சில ஆண்டுகளில் செங்கல் உதிர்ந்து, சிமெண்டு மட்டும் வலைபோல் நிற்பதும் உண்டு. சாந்து கல்லினும் மென்மையாய் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே. தேய்ந்த சாந்தை மாற்றலாம். தேய்ந்த சிற்பத்தை யாரே மாற்றவல்லார்?

அங்ஙனமாயின் மென்மையான சாந்து மழையை எவ்வாறு தாங்கும்? நன்கு சுட்ட செங்கற்பொடியைக் கலந்தால், அது சுண்ணாம்புடன் கூடி ஈரத்திலும் இறுகும். உரோமானியர் எரிமலைச் சாம்பலைக் கலந்ததும் இதன் பொருட்டே. நம் கொத்தர்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்தனர். வெல்லம் சேர்ந்தால் குறைந்த நீரிலேயே சாந்து குழையும். ஆனால் அளவு மீறினால் இறுகுவது தாமதப்படும்.

ஆகவே பழுது பார்ப்போர் முதலில் பழைய காரையின் ஒரு துண்டை நீர்த்த அமிலத்தில் இடுவர். சுண்ணாம்பு கரைய, மணல் அடியில் தங்கும். அதனை எடைபோட்டுப் பழைய கலவையின் விகிதத்தைக் கணித்த பின்னரே புதியதை அரைப்பர். மெல்லிய படலங்களாகப் பூசி, கடுவெயில் படாமல் ஈரச்சாக்கினால் மூடி வைப்பர்.