காரைத் தாழ்த்துமுன் பின்பக்கத்தை அளந்து பாருங்கள்

காலியாக நிற்கும் காரைப் பார்த்து எவ்வளவு தாழ்த்தலாம் என்று முடிவு செய்யாதீர்கள். வீட்டார் ஐந்து பேரையும் ஏற்றி, டிக்கியில் அரிசி மூட்டையும் வைத்து, சமதளத்தில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை எழுதிக்கொள்ளுங்கள். காவிரி டெல்டாவில் கார் ஓடப்போவது இந்தப் பாரத்தோடுதான்.

3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று அளவுப்படி போட்ட வேகத்தடையைத் தாழ்ந்த காரும் பெரும்பாலும் தாண்டிவிடும். அடி தட்டுவது வாய்க்கால் பாலத்தின் முதுகிலும், ஊரார் தாங்களே போட்ட குறுகிய தடையிலும்தான். சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

அடுத்து, குனிந்து பின்பக்கத்தின் அடியைப் பாருங்கள். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் இருக்கும். தாழ்த்தினால், அதை உடலோடு பிணைக்கும் முன்பக்க ரப்பர் புஷ், சக்கர மையத்தோடு ஒப்பிடும்போது கீழே இறங்கும். வளைவில் உடல் சாயும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் சற்று முன்னே நகரும். கார் திரும்பத் தயங்கும், ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டிவரும். தாழ்த்தியபின் புஷ் போல்ட்டைத் தளர்த்தி, கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் மறுபடி முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

இன்னோவா கிரிஸ்டா வேறு மாதிரி. பின் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கும் ராடின் ஒரு முனை உடலில், மறுமுனை ஆக்ஸிலில். உடல் இறங்கினால் ஆக்ஸில் ஒரு பக்கம் ஒதுங்கும். கொத்தனாரின் தூக்குக்குண்டை இருபுற மட்கார்டிலிருந்தும் தொங்கவிட்டு, டயருக்கும் நூலுக்கும் இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். பழைய வண்டிகள் சிலவற்றில் பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டும் வால்வு ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். தாழ்ந்த வண்டியைப் பாரம் ஏறிய வண்டி என்று அது எடுத்துக்கொள்ளும். பிரேக் அழுத்தினால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். அந்த வால்வைத் திரும்பச் சரிசெய்யாமல் சாலைக்கு வரவே கூடாது.

நான் அதிகம் அஞ்சுவது, சக்கரம் மேலேறும் எல்லையில் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பற்றித்தான். தாழ்த்தியபின் மிஞ்சும் இடம் போதாவிட்டால் வளைவின் நடுவே அது முட்டும். பின்பக்கம் நொடியில் கல்லாக இறுகி, டயர் பிடிப்பு விட்டு வால் வீசும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் பரப்பிய, தடுப்புச் சுவர் இல்லாத ஆற்றங்கரைச் சாலையில் இதற்குமேல் ஆபத்து என்ன? ரப்பர் முனையில் இறுகப் பிசைந்த களிமண்ணை விரல் கனத்துக்கு ஒட்டி, முழுப் பாரத்தோடு தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு நிதானமாக ஓட்டுங்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலத்துக்குப் பாலம் ஒரு குலுக்கல் கிடைக்கும். களிமண் தகடாகிப் போயிருந்தால் தாழ்த்தியது அதிகம். ஸ்பிரிங்கை அறுத்தோ, கேஸ் வைத்துச் சுட்டோ தாழ்த்தித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். காரைத் தூக்கும்போது அந்த ஸ்பிரிங் தன் இருப்பிடத்திலிருந்து நழுவக்கூடும்.

கடைசியாக அலைன்மென்ட். முன்சக்கரத்தோடு நிறுத்த விடாமல், பின்சக்கரத்தின் டோ (உள்ளே வெளியே திரும்பிய கோணம்), கேம்பர் (சாய்ந்த கோணம்) இரண்டையும் இடம் வலம் தனித்தனியாக அச்சிட்டு வாங்குங்கள். டார்ஷன் பீமில் இவற்றைப் பொதுவாகத் திருத்த முடியாது. இரு பக்கமும் வெகுவாக வேறுபட்டால் பீம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.