பாதி ரேடியேட்டர் சூடு, பாதி ஜில்: காரணத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம்

நவம்பர் பிறந்துவிட்டால் லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு புகார் தவறாமல் கேட்கும்: "கீழ ஹோல் நல்ல சூடு, மேல அறை ஐஸ் மாதிரிக் கிடக்கு." பாய்லர் ஓடுகிறது, கேஸ் பில் ஏறுகிறது, ஆனால் இரண்டு ரேடியேட்டர் மட்டும் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. பெரும்பாலோர் முதலில் செய்வது பாய்லரின் வெப்பத்தைக் கூட்டுவதுதான். சூடான அறை மேலும் புழுங்குகிறது. குளிர்ந்த அறை அப்படியே கிடக்கிறது.

சில ரேடியேட்டர்கள் நன்றாகச் சுடுகின்றன என்றால் பாய்லர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கோளாறு அநேகமாக அதற்கு அப்பால் இருக்கும்: சிக்கிய வால்வு, அடைபட்ட காற்று, படிந்த கசடு, அல்லது சரியாகப் பங்கிடப்படாத நீரோட்டம். இவற்றில் பலவற்றை இரண்டு மூன்று பவுண்டு விலையுள்ள ரேடியேட்டர் சாவியும் ஒரு ஸ்பானரும் பழைய துண்டும் இருந்தால் வீட்டுக்காரரே சரிசெய்துவிடலாம். அறை குளிர்ந்தே கிடப்பது கவலைப்பட வேண்டிய விஷயமும்கூட. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். வயதான அம்மாவோ கைக்குழந்தையோ தூங்கும் அறை அதற்குக் கீழே கிடந்தால் அது வெறும் வசதிக் குறைவு அல்ல. குளிர்ந்த சுவரில் ஈரம் கோத்து, மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கத் தொடங்கும்.

பிரிட்டனில் இந்தத் தொல்லை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு வீடுகளின் வரலாறும் ஒரு காரணம். 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னும்தான் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளிலும் 1930-களின் இரட்டை வீடுகளிலும் ரேடியேட்டர்கள் பெருவாரியாக ஏறின. குழாயை மனதில் வைத்துக் கட்டப்பட்ட வீடுகள் அல்ல அவை. பிறகு வந்தவர்களில் ஒருவர் சமையலறையைப் பின்னால் நீட்டியிருப்பார், இன்னொருவர் பரணைப் படுக்கையறை ஆக்கியிருப்பார். இருவருமே இருந்த குழாயில் ஒரு கிளை இழுத்து ரேடியேட்டர் மாட்டியிருப்பார்கள். குளிரும் ரேடியேட்டர் பல வீடுகளில் அந்தக் கிளையின் நுனியில்தான் இருக்கும்.

முதல் வேலை: வீட்டைத் தொட்டுப் பார்ப்பது

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சுற்று வரவேண்டும். ஹீட்டிங் அணைந்து எல்லாம் ஆறியிருக்கும் நேரமாகப் பார்த்து, சுவரிலுள்ள தெர்மோஸ்டாட்டை 25-க்கு ஏற்றி வையுங்கள். ரேடியேட்டரின் ஓரத்தில் எண் போட்ட வால்வுத் தலை இருக்குமே, அதுதான் டி.ஆர்.வி, வீட்டிலுள்ள எல்லா டி.ஆர்.வி-யையும் 5-க்குத் திருப்புங்கள். பாய்லரை ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கையில் ஒரு தாளோடு அறை அறையாகப் போங்கள். குழாய் 60, 70 டிகிரிச் சூட்டில் இருக்கலாம் என்பதால் புறங்கையால் பட்டும் படாமலும் தொட வேண்டும். ஒவ்வொரு ரேடியேட்டரிலும் நான்கு இடம்: மேல் விளிம்பு, கீழ் நடுப்பகுதி, இரு பக்கத்துக் குழாய்கள்.

இந்தத் தாள்தான் நோயைச் சொல்லும். மேலே ஜில், கீழே சூடு என்றால் உள்ளே காற்று. மேல்பகுதியும் ஓரங்களும் சூடு, கீழ் நடு மட்டும் ஜில் என்றால் கசடு. டி.ஆர்.வி வரைக்கும் குழாய் சுட்டு, அதற்கு மேல் ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்திருந்தால் வால்வு ஊசியைச் சந்தேகிக்கலாம். பாய்லருக்குப் பக்கத்தில் இருப்பவை கொதித்து, தூரத்தில் இருப்பவை வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் பங்கீட்டுக் கோளாறு.

ஒரு மாடியே மொத்தமாகக் குளிர்ந்தால் கதை வேறு. மேல்மாடி முழுக்க ஜில் என்றால் தண்ணீர் போதவில்லை. காம்பி பாய்லர் உள்ள வீட்டில் அழுத்தமானியைப் பாருங்கள். ஆறிய நிலையில் முள் 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். பழைய வகை அமைப்பில் பரணில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதன் மிதவை வால்வு சிக்கி, தொட்டி வற்றிப்போயிருப்பது அடிக்கடி நடப்பது. மாறாக, மேலே சூடும் கீழே குளிரும் என்றால் பம்ப் நின்றிருக்கலாம். சூடான நீர் தானாகவே மேலே ஏறிவிடுகிறது, கீழ்த்தளத்துக்குத் தள்ளிவிட ஆளில்லை. பம்ப், மோட்டார் வால்வு இரண்டும் மின்சார வேலை. தெரிந்தவரை அழைப்பதே சரி.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சுவர் தெர்மோஸ்டாட் எங்கே மாட்டியிருக்கிறது? அடுப்பு எரியும் சமையலறை வாசலிலோ, நன்கு சுடும் ரேடியேட்டருக்குப் பக்கத்திலோ இருந்தால், அந்த இடம் சூடானதுமே அது பாய்லரை நிறுத்திவிடும். தூரத்து அறைக்குச் சூடு போய்ச் சேர நேரமே கிடைக்காது.

காற்றை வெளியேற்றுவது

ஹீட்டிங்கை அணைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் சில அமைப்புகளில் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கப்படும். கொதிநீர் கையில் தெறிக்கவும் வாய்ப்புண்டு. மேல் ஓரத்திலுள்ள சதுர முளையில் சாவியைப் பொருத்தி, கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு, இடப்பக்கமாகக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகுங்கள். 'உஸ்' என்ற ஓசை வரும். ஓசை நின்று தண்ணீர் சீராகக் கசிந்ததும் மூடிவிடலாம். கீழ்த்தளத்தை முடித்துவிட்டு மேல்தளத்துக்குப் போவது வழக்கம். அந்த நேரம் பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சிகரெட்டோ வேண்டாம். உட்புற இரும்பு அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. வெளிவருவது வெறும் காற்றாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதில்லை.

வேலை முடிந்ததும் அழுத்தம் இறங்கியிருக்கும். பாய்லருக்கு அடியில் பின்னல் உறை போட்ட ஒரு வளையும் குழாய் இருக்கும். அதன் வால்வை மெல்லத் திறந்து, முள்ளைப் பார்த்தபடியே 1.2 அல்லது 1.3 பார் வந்ததும் இறுக மூடுங்கள். திறந்தபடி மறந்துவிட்டால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், 3 பாரில் பாதுகாப்பு வால்வு தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

மாதாமாதம் காற்று எடுக்க வேண்டியிருந்தால், அல்லது வாரந்தோறும் நீர் நிரப்ப வேண்டியிருந்தால், அது நோய்க்குறி. எங்கோ கசிகிறது, அல்லது விரிவுக்கலம் பழுது. புதுத் தண்ணீரோடு புது ஆக்ஸிஜனும் போய் இரும்பை அரிக்கிறது, அரிப்பு கசடாகிறது. அப்படியே நிரப்பிக்கொண்டு காலம் தள்ளுவது ரேடியேட்டர்களின் ஆயுளைக் குறைக்கும்.

சிக்கிய ஊசி

ஒரே ஒரு ரேடியேட்டர் முழுக்கக் குளிர்கிறது, மற்றவை சரி என்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் டி.ஆர்.வி. டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனர் மேட்ஸ் கிளவுசன் 1943-இல் உருவாக்கிய சாதனம் இது. தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறைச்சூட்டுக்கு விரிந்து ஒரு சின்ன ஊசியைக் கீழே அழுத்த, நீர்வழி அடைபடும். குளிர்ந்தால் ஊசி மேலே எழ வேண்டும். கோடை முழுக்க அழுந்தியே கிடந்த ஊசி அக்டோபரில் எழ மறுப்பதுதான் கோளாறு.

தலையை 5-க்குத் திருப்பி, அதன் கழுத்திலுள்ள வளையத்தை இடப்பக்கம் சுழற்றினால் தலை கையோடு வந்துவிடும். தண்ணீர் வராது, பயப்பட வேண்டாம். அடியில், பித்தளை உடலின் நடுவே, தீக்குச்சித் தடிமனில் ஊசி நிற்கும். ஸ்பானரின் தட்டையான பக்கத்தால் அதை அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் துள்ளி எழ வேண்டும். இறங்கியே கிடந்தால் ஒரு துளி சிலிக்கான் ஸ்பிரே அடித்து, பித்தளை உடலைப் பக்கவாட்டில் ஸ்பானர் கைப்பிடியால் லேசாகத் தட்டி, மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். பிளையரால் பிடித்து மேலே இழுக்கக் கூடாது. ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தால் கறுப்புத் தண்ணீர் கூரைவரை பீய்ச்சும், கார்பெட் அத்தோடு சரி. ஊசி துள்ளுகிறது, தலையில்லாமல் ரேடியேட்டர் சுடுகிறது என்றால் தலைதான் பழுது. அதே வகையில் புதுத் தலை மட்டும் வாங்கினால் போதும்.

கடைமடைக்குத் தண்ணீர்

எல்லாம் திறந்திருக்கிறது, காற்றும் இல்லை, ஆனாலும் தூரத்து அறை சுடவில்லை. இங்கே ஒரு எளிய சோதனை பெரிய செலவை மிச்சப்படுத்தும். மற்ற ரேடியேட்டர்களின் டி.ஆர்.வி-க்களை எல்லாம் மூடிவிட்டு அந்த ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். பம்பின் முழு விசையும் அதற்குள் போகும். அப்போது சுட்டால் குழாயில் அடைப்பு இல்லை, பங்கீடுதான் பிசகு. அப்போதும் சுடாவிட்டால் கசடு.

பாசனம் தெரிந்தவர்களுக்குப் பங்கீடு புதிதல்ல. தலைமடைக்காரர் மதகை முழுக்கத் திறந்துகொண்டால் கடைமடை வயல் காயும். தலைமடையை இறக்கினால்தான் கடைசிவரை நீர் ஓடும். இந்த வீட்டில் மதகு என்பது லாக்‌ஷீல்டு வால்வு. டி.ஆர்.வி-க்கு எதிர் ஓரத்தில், எண் இல்லாத பிளாஸ்டிக் தொப்பிக்கு அடியில் இருக்கும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அந்தத் தொப்பியைக் கழற்றியே பார்த்திருக்க மாட்டார்கள்.

தொடங்கும் முன், சோதனைக்காக மூடிய டி.ஆர்.வி-க்களை மீண்டும் 5-க்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொரு லாக்‌ஷீல்டையும் வலப்பக்கம் திருகி மூடி, எத்தனை சுற்றில் மூடியது என்று தாளில் குறித்துவிட்டு முழுக்கத் திறந்து வையுங்கள். குழம்பிப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தக் குறிப்புதான் வழி. ஆறிய வீட்டில் ஹீட்டிங்கைப் போட்டு, எந்த ரேடியேட்டர் முதலில் சுடுகிறது, எது கடைசி என்று வரிசையை எழுதுங்கள். முதலில் சுட்டதன் லாக்‌ஷீல்டை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்து வையுங்கள். அடுத்ததற்குக் கொஞ்சம் அதிகம். இப்படியே போய், கடைசியாகச் சுட்டதை முழுக்கத் திறந்தே விடுங்கள்.

பிறகு நுணுக்கம். ரேடியேட்டருக்குள் போகும் குழாயிலும் வெளிவரும் குழாயிலும் வெப்பமானி வைத்துப் பார்த்தால், பழைய கணக்கில் வித்தியாசம் 11, 12 டிகிரி இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் கட்டாயமாகிய கண்டன்சிங் பாய்லர்களுக்கு 20 டிகிரி வரை போகலாம். திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகி, அதன் வெப்பமும் வீட்டுக்குக் கிடைக்கும். ஆகவே பங்கீட்டைச் சரிசெய்தால் குளிர்ந்த அறை சூடாவதோடு கேஸும் மிச்சமாகும். ஒவ்வொரு திருகலுக்கும் பிறகு பதினைந்து நிமிடமாவது பொறுத்துத்தான் அளக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போய்விடும், ஆனால் வீட்டுக்காரர் செய்யக்கூடியதில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை.

கசடும், ஆள் கூப்பிடும் எல்லையும்

ரேடியேட்டரின் எஃகு அரித்து உண்டாகும் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் துகள் அடியில் மைபோல் படியும். ஒரு ரேடியேட்டரில் மட்டும் என்றால், இரு வால்வையும் மூடி, நீரை வடித்து, கழற்றி, தோட்டத்தில் ஹோஸ் பைப்பால் கழுவிவிடலாம். தூக்கிச் செல்லும்போது இரு முனையையும் அடைத்துக்கொள்ளுங்கள்; அந்தக் கறுப்பு கார்பெட்டில் விழுந்தால் போகவே போகாது. பல ரேடியேட்டர்களில் இதே நிலை என்றால் இயந்திரம் வைத்து மொத்த அமைப்பையும் அலசும் பவர் ஃபிளஷ் தேவைப்படலாம். அதற்குப் பல நூறு பவுண்டு ஆகும். ஊசியையும் பங்கீட்டையும் பார்க்காமலே அதற்குச் சம்மதிப்பது அவசரம். அலசிய பிறகு அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் திரவம் ஊற்றுவதும், திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி பொருத்துவதும் அவசியம். பிரிட்டிஷ் தரநிலை பி.எஸ். 7593 இரண்டையும் வலியுறுத்துகிறது.

பாய்லரின் கேஸ் பாகங்களில் வீட்டுக்காரர் கை வைக்கவே கூடாது. அதற்கு கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றவர் வேண்டும்; வந்தவரின் அட்டையைத் திருப்பி, எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று பின்பக்கத்தில் பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி 0800 111 999-ஐ அழைக்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் லாக்‌ஷீல்டைத் திருகும் முன் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்-குடியிருப்போர் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வீட்டைச் சூடாக்கும் அமைப்பைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மீது வைக்கிறது. தொட்டுப் பார்த்து எழுதிய தாளைப் படம் எடுத்து அனுப்பினால், வருகிறவர் எந்த ரேடியேட்டரில் தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.

மே மாதம் ஹீட்டிங்கை நிறுத்தும்போது டி.ஆர்.வி-க்களை மூடிவிடாமல், எல்லாவற்றையும் 5-இலேயே திறந்து விடுங்கள். ஊசி அழுந்தாமல் இருக்கும். கோடையில் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஹீட்டிங்கை ஓட்டினால் பம்பும் இறுகிப்போகாது.