காவல் இருப்பவளிடம் பேசு

அன்பு மருமகளுக்கு,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தை எழுதுவது. மழை பெய்கிற ராத்திரிகளில் ஹாஸ்டல் கட்டிலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாயாம். விடிந்ததும், "இத்தனை வருஷமாகியும் கோழையாகவே இருக்கிறேன்" என்று உன்னையே திட்டிக்கொள்கிறாயாம். அம்மா போனில் சொல்லி அழுதாள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மழையில் மலை சரிந்து, பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு லயங்களை மண் மூடியது. 70 பேர் போனார்கள். நாலு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. கரண்ட் கிடையாது, டவர் கிடையாது. விடிந்த பிறகுதான் வெளியே சேதி தெரிந்தது. கூடப் படித்த பிள்ளைகளை அதில் பறிகொடுத்த மனசு மழைச் சத்தத்துக்கு விழிக்காமல் என்ன செய்யும் கண்ணு?

ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்கிற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் 1980களில் ஒரு முறையை உருவாக்கினார். மனசுக்குள்ளும் ஒரு குடும்பமே இருக்கிறது என்பது அவர் கண்டது. அடிபட்ட பகுதி உள்ளே ஒளிந்துகொள்ளும். அந்த வலி வெளியே வராதபடி சில பகுதிகள் காவல் இருக்கும். மீறி வந்துவிட்டால், கோபமோ குடியோ விடிய விடிய போனோ, எதையாவது கொண்டு அதை அமுக்க வேறு சில ஓடிவரும். இவற்றில் எதுவுமே கெட்டதில்லை. எல்லாம் உன்னைக் காப்பாற்றத்தான் பாடுபடுகின்றன. இத்தனைக்கும் நடுவில் நிதானமான நீ ஒருத்தி இருக்கிறாய் என்கிறார் அவர்.

செருப்போடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் உன் காவல்காரி. காலையில் திட்டுகிறவளும் அப்படித்தான். திட்டினால் நீ தேறிவிடுவாய் என்று நம்புகிறாள். அடுத்த மழையில் அவளை விரட்டாதே. நெஞ்சிலா, தொண்டையிலா, எங்கே இறுக்குகிறாள் என்று கவனி. "நான் தூங்கிவிட்டால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?" என்று கேள். "எனக்கு இப்போது என்ன வயசு தெரியுமா?" என்றும் கேள். அவளுக்கு இன்னும் 2020தான். இது கோயம்புத்தூர், சமவெளி, நீ காலேஜ் படிக்கிறாய் என்று பொறுமையாகச் சொல்.

ஆனால் மலையில் உன் ஊருக்குப் போயிருக்கும்போது கனமழை எச்சரிக்கை வந்தால் அவள் சொல்வதைக் கேள். மலை சரியும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே அவள் பயம் நியாயமானது. முகாமுக்குப் போகச் சொன்னால் முதல் ஆளாகக் கிளம்பு.

இன்னொன்று. காவலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அடிபட்ட அந்தச் சின்னப் பெண்ணைத் தனியாகத் தேடிப் போகாதே. பழைய வலி ஒரேயடியாகப் பொங்கினால் தாங்காது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நர்ஸாக இருந்தவள் என்பதால் இதையும் சொல்கிறேன்: இந்த முறைக்கு ஆய்வுகள் இன்னும் குறைவு. அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு ஆதாரம் அதிகம். டாக்டர் அதைச் சொன்னால் தயங்காமல் அதையே எடு.

மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரத்திலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இந்த வாரமே கூப்பிடு. டாக்டரை நேரில் பார்க்கத் தேதி கிடைத்ததும் எனக்குச் சொல். முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன், சேர்ந்தே போவோம்.

உன் அத்தை