பட்டுப்புழுவின் பசியும் அதன் மூளையும்

திருவண்ணாமலை ஜில்லா போளூர் தாலூகாவில், ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ளது படவேடு. அதற்கடுத்த ஆரணியின் தறிகளுக்குப் பட்டு நூல் உயிர்நாடியாகும். அந்நூலோ, புழு உட்கொண்ட முசுக்கொட்டை இலையின் மறுவடிவமேயன்றி வேறன்று. ஆகவே புழு எப்பொழுது உண்கிறது, எதனால் உண்ணாமல் நின்றுவிடுகிறது என்பதை முசுக்கொட்டை பயிரிட எண்ணும் நிலச்சுவான்தார்கள் அறிந்திருத்தல் அவசியம்.

புழு இலையை முதலில் இலேசாகக் கடித்துப் பார்க்கிறது. வாயருகேயுள்ள நுண்ணிய உறுப்புகள் அதன் ருசியைப் பரீட்சித்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. ருசி அறியும் ஒரு ஜீனைச் செயலிழக்கச் செய்த புழுக்கள் ஆப்பிள், சோயா முதலியவற்றையும் தின்றன எனச் சீன தேசத்து ஆராய்ச்சியாளர் 2019-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். எனவே புழு பிற இலைகளை விலக்குவதற்கு அதன் நாவுணர்ச்சியே முக்கிய காரணமென்பது விளங்கும்.

ஆயினும் ருசி மாத்திரம் போதாது, பசியும் வேண்டும். மூளையிலுள்ள நரம்பணுக்கள் நியூரோபெப்டைடு எனப்படும் புரதத் துணுக்குகளைச் சுரந்து, உண்ணவும் நிறுத்தவும் ஏவுகின்றன. இவற்றுள் ஒரு வகையைப் புழுவின் உடலிற் செலுத்தியபோது, அது வழக்கத்தினும் விரைவாக உண்ணத் தொடங்கிற்று என்பதை ஜப்பானிய நிபுணர்கள் 2011-ஆம் வருஷத்தில் கண்டனர். மனிதர் முதலிய பிராணிகளின் மூளையிலும் இத்தகைய துணுக்குகள் பசியை ஆளுகின்றன.

தோலுரிக்குங் காலம் நெருங்கும்போது நடைபெறுவது வேறு. மூளையில் ஊறும் மற்றொரு வஸ்து முன்மார்பிலுள்ள சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பி தோலுரிப்புக்குரிய ரசத்தை வெளியிடுகிறது. இந்த ரசத்தை 1954-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய விஞ்ஞானிகள் பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுக்களிலிருந்தே பிரித்தெடுத்தனர். தோலுரிப்பு உறக்கத்திலுள்ள புழு எவ்வளவு நல்ல இலையிட்டாலும் தொடாது. அது நோயன்று, உடலின் உத்தரவு.

இதனை அறியாதவர் இரு வகையில் நஷ்டமடைகின்றனர். உறங்கும் புழுவின்மேல் இலையைக் குவித்தால் தட்டில் ஈரம் மிகுந்து, நோய்க்கு இடமுண்டாகிறது. பசித்த புழுவைக் காக்கவைத்தாலோ வளர்ச்சி குன்றி, கூடு சிறுத்துவிடுகிறது. ஆகையால் பின்வரும் விதிகளைக் கைக்கொள்க:

1. புழு தலையை உயர்த்தி அசைவற்றிருந்தால், அது உறங்குகிறதென்று கொள்க. பெரும்பாலான புழுக்கள் அந்நிலையடைந்ததும் இலையிடுதலை நிறுத்துக. படுக்கையில் நீற்றிய சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவி உலர்வாக வைத்திருக்க.

2. முதலில் விழித்த சில புழுக்களுக்காக அவசரப்படாமல், ஏறக்குறைய எல்லாம் தோலுரித்த பின்னரே இலையிடுக. இல்லையேல் தட்டில் பெரிதும் சிறிதுமாகப் புழுக்கள் கலந்து, கூடு கட்டும் நாளும் ஒத்து வராது.

3. ஐந்தாம் பருவத்தில் ஒருபோதும் பட்டினி போடலாகாது. மொத்த இலையில் நூற்றுக்கு எண்பது பாகத்திற்கு மேல் இப்பருவத்திலேயே செலவாகும். இவ்வளவு இலைக்கு வழியுண்டா என்பதை முட்டை வாங்குமுன் கணக்கிடுக.

4. வாடிய இலையில் நீர் குறைவாதலால் புழு விரும்பாது. காலையிலும் மாலையிலும் பறித்து, ஈரத்துணியால் மூடி வைக்க.

5. தோலுரிப்புக் காலமல்லாதபோது தட்டு முழுவதும் இலையைத் தொடாவிடில், இலையில் மருந்து தெளிக்கப்பட்டதா, அறையில் வெப்பம் மிகுந்ததா, நோய் கண்டதா என்று உடனே விசாரிக்க.

6. ஐந்தாம் பருவ முடிவில் உண்பதை விட்டு, உடல் கண்ணாடிபோல் தெளிவடைந்த புழுக்களைத் தாமதமின்றிச் சந்திரிகையில் ஏற்றுக.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விதிகளைத் தங்கள் கிராமத்துப் புழு வளர்ப்போருக்கு எடுத்துரைத்தல் நன்று. இலையின் அளவைக் கவனிப்பதோடு புழுவின் நிலையையும் நாள்தோறும் பார்த்து இலையிடுவோர்க்கு, இலையும் வீணாகாது. கூடும் கனமாகக் கிட்டும்.