புது ஹீரோவுக்குப் பழைய கதையில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊர் பெரிய முதலியார்சாவடி. 'அயன் மேன்' தொடங்கி 'எண்ட்கேம்' வரை ஒரு படம் விடாமல் பார்த்தவர்கள் நானும் தம்பியும். அதற்குப் பிறகு மார்வெல் கொண்டுவந்த புது ஹீரோக்களின் பெயர்கூட எங்களுக்கு நிற்பதில்லை. நடிப்பிலோ சண்டையிலோ குறை தெரியவில்லை, ஆனாலும் ஒட்டவில்லை. ஏன்? இன்னொன்று. நண்பர்கள் சேர்ந்து யூடியூபுக்காக ஒரு சூப்பர்ஹீரோ தொடர் எடுக்கிறோம். இதுவரை மீனவ இளைஞன் ஒருவன்தான் நாயகன். அடுத்த சீசனில் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நாயகியாகக் கொண்டுவரப் போகிறோம். பார்ப்பவர்கள் அவளை ஏற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?

– ஒரு வாசகி

பதில்: ஹாலிவுட்டுக்குப் போவதற்கு முன்னால் உங்கள் பக்கத்துக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். பாரதத்தைவிட நீண்ட தொடர்கதை நம்மிடம் இல்லை. அதற்குள் புது நாயகர்களை நுழைத்து, ஊரே கும்பிடும்படி வளர்த்துவிட்ட அனுபவம் விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துக்கு உண்டு.

அரவானை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசரிடம் அவன் பெயர் இராவான். அர்ச்சுனனுக்கும் நாகர் குலத்து உலூபிக்கும் பிறந்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான். அங்கே அவன் பத்தோடு பதினொன்று. தமிழில் அவன் கதையே வேறு. 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே அவனுடைய களப்பலி வந்துவிடுகிறது. பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர்: கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் இருவரையும் கொடுத்தால் போரே இல்லை. மிஞ்சியவன் அரவான்.

இந்த முடிச்சைக் கவனியுங்கள். பழைய ஹீரோக்கள் அத்தனை பேரும் உயிரோடு, முழு பலத்தோடு நிற்கிறார்கள். ஆனாலும் அவர்களால் தீர்க்க முடியாத ஒரு காரியம் கதைக்குள் வந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் புதியவன் நுழைகிறான். நுழைந்தவன் சும்மா தலையைக் கொடுத்துவிடவில்லை. சாவதற்கு முன் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்கிறான். பதினெட்டு நாள் போரையும் பார்க்க வேண்டும் என்கிறான். விடிந்தால் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கிருஷ்ணனே மோகினியாக வர வேண்டியிருக்கிறது. இன்றும் சித்திரையில் கூவாகத்தில் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். அரவானிடம் என்ன சக்தி இருந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவனுக்கு என்ன ஆசை இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதே வட்டாரத்தில் திரௌபதி அம்மனுக்குக் காவலாக முத்தால் ராவுத்தன் என்ற முஸ்லிம் வீரனையும் பாரதத்துக்குள் சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கும் கோயிலுக்குள் ஒரு வேலை உண்டு. வெறும் விருந்தாளியாக யாரையும் கூப்பிடவில்லை.

இப்போது மார்வெலுக்கு வருவோம். 2016இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' ஒரே படத்தில் இரண்டு பேரைக் கொண்டுவந்தது. ஸ்பைடர்மேனை நாம் முன்பே வேறு படங்களில் பார்த்துவிட்டோம். பிளாக் பாந்தர் நம்மில் பெரும்பாலோருக்குப் புதுசு. வியன்னாவில் குண்டு வெடித்து அவன் அப்பா சாகிறார். குண்டு வைத்தவன் என்று அவன் நம்பும் ஆளை, பழைய ஹீரோவான கேப்டன் அமெரிக்கா காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். நாம் நேசிக்கும் ஒருவனோடு மோத அவனுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. வகாண்டா எங்கே இருக்கிறது, அவன் உடுப்பு எதனால் ஆனது என்பதெல்லாம் அப்புறம். 2018இல் அவனுடைய தனிப்படம் 130 கோடி டாலரைத் தாண்டியதற்கு அடித்தளம் அந்த வியன்னா காட்சி என்றே நினைக்கிறேன்.

2021இல் வந்த 'எடர்னல்ஸ்' ஒரே படத்தில் பத்துப் பேரை அறிமுகப்படுத்தியது. அதில் கிங்கோ என்பவன் பாலிவுட் நடிகனாக வாழ்கிறவன். நம் ஊர் தியேட்டரில் கைதட்டல் வாங்கியிருக்க வேண்டியவன். ஆனால் பத்துப் பேருடைய சக்தியையும் பூர்வ கதையையும் சொல்லி முடிக்கவே படத்துக்கு நேரம் சரியாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பத்துப் பேரும் வர வேண்டிய தேவை பழைய கதைக்குள் எங்குமே இல்லை. தானோஸ் பாதி உலகத்தை அழித்தபோது ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, எங்களுக்கு உத்தரவு இல்லை என்று படத்துக்குள்ளேயே பதில் சொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டு வந்த ஷாங்-சி எனக்குப் பிடித்த படம். பஸ்ஸுக்குள் நடக்கும் அந்தச் சண்டைக்காக இரண்டாம் முறையும் பார்க்கலாம். ஆனால் அதன் நாயகனுக்கு ஆண்டுகள் பல கடந்தும் இரண்டாவது தனிப்படம் வரவில்லை. அறிமுகம் செய்துவிட்டு அம்போவென்று விட்டால், அடுத்து வருகிறவனிடம் மனசைக் கொடுக்க ரசிகர் தயங்கத்தான் செய்வார். உங்களுக்கும் தம்பிக்கும் பெயர்கள் நிற்காததில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

கூத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. வேஷக்காரர் நேராகக் களரிக்குள் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் ஆடிப் பாடுகிறார். கட்டியங்காரன் நம் பேச்சில், நம் சார்பில், வந்திருப்பது யார், எந்த ஊர், என்ன விஷயம் என்று விசாரிக்கிறான். புதியவரை நம்பலாமா என்ற சந்தேகத்தை நமக்கு முன்னால் அவன் பட்டுவிடுகிறான்.

நல்ல படங்கள் எல்லாவற்றிலும் இந்தக் கட்டியங்காரன் ஒளிந்திருக்கிறான். 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படம் 'லோகா'வில், எதிர்வீட்டுச் சந்திரா யார் என்று நமக்காக எட்டிப் பார்க்கிறவன் சன்னி. அவன் பயந்து, வியந்து, நம்பிய பிறகுதான் கள்ளியங்காட்டு நீலியின் கதை முழுதாக விரிகிறது. 2022இல் வந்த 'விக்ரம்' படத்தில் அந்த வேலை ஃபகத் ஃபாசிலின் அமருக்கு. வீட்டு வேலைக்காரம்மாவை அவன் விசாரிக்கிறான். உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் போய்விடுகிறான், நாமும் அவரை மறந்துவிடுகிறோம். பிறகு வீட்டுக்குள் அடியாட்கள் புகுந்த இரவில், குழந்தையைக் காப்பாற்ற வேறு ஆளே இல்லாத நேரத்தில், சேலை கட்டிய அந்த அம்மா ஏஜெண்ட் டீனாவாக எழுந்து நிற்கிறார். நடித்த வசந்தி அதுவரை பாட்டுக் காட்சிகளில் பின்னால் ஆடிக்கொண்டிருந்தவர். சில நிமிடச் சண்டை, அதிலேயே மரணம். தமிழ் சினிமாவில் இதைவிடச் சிறந்த நாயகி அறிமுகத்தை நான் பார்த்ததில்லை.

உங்கள் உப்பளத்துப் பெண்ணுக்கு வருகிறேன். அவளுடைய சக்தியை முதல் எபிசோடில் காட்டாதீர்கள். முதலில் உங்கள் மீனவனைக் கடல் தெரிந்தும் பயனில்லாத ஓர் இடத்தில் மாட்டிவையுங்கள். உச்சிவெயிலில் பாத்திக்கு நடுவே நின்றால் வெளிச்சம் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கும். பழகாத கண் திறக்காது. அந்தக் கண்கூச்சத்தில் அவன் தடுமாறும்போது, அவளுக்கு மட்டும் எதிரி நிற்கும் இடம் தெரியட்டும். அது மந்திரத்தால் வந்ததாக இருக்க வேண்டாம். வருஷக்கணக்கில் உப்பு வாரியதால் வந்ததாக இருக்கட்டும். அவளை விசாரிக்கும் கட்டியங்காரன் உங்கள் மீனவனேதான். அவனைக் கொன்றோ, ஊரைவிட்டு அனுப்பியோ அவளுக்கு இடம் ஒதுக்காதீர்கள். அவன் சந்தேகப்படட்டும், சண்டை போடட்டும், பிறகு கூட நிற்கட்டும்.

அவளுக்கென்று ஓர் ஆசையும் வேண்டும். ஊரைக் காப்பது என்பது ஆசையில் சேராது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் கழியும் மாதங்களுக்கு ஒரு வழி தேடுகிறவளாக இருக்கலாம். வெடித்த பாதத்தோடு ஒரு நாளாவது செருப்பு போட்டு நடக்க நினைப்பவளாக இருக்கலாம். எது என்பதை அங்கே வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். உங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேரே போனால் மரக்காணம் வந்துவிடும். அறிமுகமான அடுத்த எபிசோடிலும், அதற்கடுத்ததிலும் அவள் கட்டாயம் வர வேண்டும். படப்பிடிப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுங்கள். மழை பிடித்துவிட்டால் பாத்திகளில் தண்ணீர்தான் நிற்கும். உப்பு வாருவதைப் படமெடுக்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.